டேன் ஜான்சனின் பெரிய அடி எது? 2008-ஆ, 2011-ஆ?

தம்பா_கதிர்:

போன வாரம் வேறொரு இழையில் பேஸ்பால் ஆட்டக்காரர் டேன் ஜான்சன் பேச்சு வந்ததும் ஆளாளுக்கு 2011 செப்டம்பர் 28-ல் யாங்கீஸுக்கு எதிராக அவர் அடித்த ஹோம் ரனுக்கே ஓடினீர்கள். எனக்கு அதில் சின்ன மனத்தாங்கல். அந்த மனுஷனின் அசல் பென்னன்ட் அடி அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே விழுந்துவிட்டது, அதுவும் பாஸ்டன்காரர்கள் வீட்டு முற்றத்தில். அதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

2008 செப்டம்பர் 9, பாஸ்டன் ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க். ஜான்சனின் அணியான தம்பா பே ரேஸ் அதற்கு முந்தைய வருடம் 66 வெற்றி, 96 தோல்வி. கடைசி இடம். பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த ‘டெவில்’ என்ற சொல்லை 2008 சீசனுக்காகத்தான் கழற்றினார்கள். பேய் இறங்கியது மாதிரி அந்த வருடமே அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் நின்றார்கள். ஆனால் செப்டம்பர் பிறந்ததும் கால் தடுக்க ஆரம்பித்தது. முந்தின நாள் இரவு ரெட் சாக்ஸ் 3-0 என்று அடித்து, இடைவெளியை அரை ஆட்டமாகக் குறைத்துவிட்டது. இன்னொன்று தோற்றால் முதலிடம் கைமாறும்.

ஜான்சன் அப்போது டர்ஹமில், அதாவது மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே, டிரிபிள்-ஏ அணியில். அன்றைக்குத்தான் கூப்பிட்டார்கள். ஆரம்ப அணிப் பட்டியலிலேயே பெயரைப் போட்டு வைத்திருந்தார் மேனேஜர் ஜோ மேடன். விமானம் தாமதம். ஆள் வந்து சேர நேரமானதால் பெயரை எடுக்க வேண்டியதாயிற்று. பயணப் பையோடு வந்தவர் நேரே பெஞ்சில்.

எட்டாவது இன்னிங்ஸில் ஜேசன் பே இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து ரெட் சாக்ஸை 4-3 என்று முன்னால் கொண்டுபோனார். ஒன்பதாவதில் யார் வருவார் என்று மைதானத்துக்கே தெரியும்: ரெட் சாக்ஸின் கடைசி இன்னிங்ஸ் பந்துவீச்சாளர் ஜொனாதன் பாப்பல்பான். அந்த ஆளின் முன்னால் விமானக் களைப்போடு இருந்த ஜான்சனை மாற்று பேட்டராக இறக்கினார் மேடன். பந்து வலது பக்கம் பறந்து போய் விழுந்தது, ஹோம் ரன். 4-4. பிறகு ஃபெர்னாண்டோ பெரெஸ் டபுள் (இரண்டு பேஸ் அடி), டயோனர் நவாரோ டபுள். 5-4. எங்கள் பந்துவீச்சாளர் டிராய் பெர்சிவல் வந்து கதவைச் சாத்தினார்.

சீசன் முடிவில் ரேஸ் 97-65, ரெட் சாக்ஸ் 95-67. இப்போது அந்த ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கும் 96-66. அந்த ஒரு பந்தின் எடை இதுதான்.

புதுசு_சென்னை:

அண்ணா, நான் இப்போதான் இந்த ஆட்டம் பார்க்கக் கத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு சந்தேகம். அரை ஆட்டம்னா என்ன? மழை வந்து பாதியில நின்னதா? அப்புறம் ‘பின்ச் ஹிட்டர்’னு எல்லா இடத்துலயும் வருது. நம்ம கிரிக்கெட்ல அது முன்னாடி இறங்கி சுத்துற ஆளு இல்லையா?

ஓரத்துப்பார்வை:

மழை இல்லை தம்பி. முதல் அணிக்கும் இரண்டாம் அணிக்கும் வெற்றியில் எத்தனை வித்தியாசம், தோல்வியில் எத்தனை வித்தியாசம் என்று கூட்டி இரண்டால் வகுப்பார்கள். ஒருவர் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடியிருந்தால் அரை வந்து நிற்கும். நேருக்கு நேர் மோதி ஜெயித்தால் ஒரே நாளில் ஒரு முழு ஆட்டம் நகரும். அதனால்தான் கதிர் சொன்ன அந்த ஆட்டம் அவ்வளவு கனம்.

‘பின்ச் ஹிட்டர்’ கதை வேறு. கிரிக்கெட் அந்தச் சொல்லை இரவல் வாங்கி வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது. பேஸ்பாலில் அது அச்சு அசல் மாற்று ஆள். ஒருத்தர் அடிக்கப் போகவேண்டிய முறையில் அவரை உட்காரவைத்துவிட்டு இவரை அனுப்புவார்கள். உட்கார்ந்தவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வரமுடியாது. மேனேஜருக்கு அது ஒருவழிப் பாதை.

பென்னன்ட் என்றால் கொடி. லீக்கை ஜெயித்தவன் கம்பத்தில் ஏற்றுகிற கொடி. பேச்சுவழக்கில் செப்டம்பரில் முதலிடத்துக்கு நடக்கிற இழுபறிக்கும் அதே பெயர்தான்.

சவுத்தி_பாஸ்டன்:

கதிர், என் முற்றத்தில் விழுந்த பந்தை எனக்கே கதை சொல்கிறீர்கள். நன்றி.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2008-ல் அந்த ராத்திரி எங்களுக்கு வலிக்கவில்லை. ‘யாரோ ஒரு ஜான்சன்’ என்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் 14 இன்னிங்ஸ் இழுத்து கார்லோஸ் பெனா மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 4-2 என்று ஜெயித்தார்களே, அதுதான் அப்போது எரிந்தது. எங்களுக்கு வைல்ட் கார்ட் (பிரிவில் முதலிடம் பெறாதவர்களில் சிறந்த அணிக்கு அடுத்த சுற்றில் இடம்) கிடைத்துவிட்டதால் டிவிஷன், அதாவது பிரிவு முதலிடம், போனது பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தது அக்டோபரில். லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் எங்கே நடந்தது? ரேஸின் மைதானமான டிராபிகானா ஃபீல்டில். டிவிஷன் ஜெயித்தவனுக்குத்தான் அந்தச் சலுகை. அவர்கள் பந்துவீச்சாளர் மேட் கார்ஸா எங்களைக் கட்டிப்போட்டார், கடைசியில் டேவிட் பிரைஸ் வந்து முடித்தார், 3-1. கணக்கைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் அந்தத் தூங்கின ராத்திரியில் வந்து நிற்கிறது.

ஆனாலும் என் ஓட்டு 2011-க்குத்தான். ஏன் என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

புதுசு_சென்னை:

எனக்குச் சொல்லிக்கொடுங்க சார்.

சவுத்தி_பாஸ்டன்:

சொல்லவைக்கிறாயே.

2011 செப்டம்பர் 3 அன்று வைல்ட் கார்ட் கணக்கில் ரேஸை விட நாங்கள் 9 ஆட்டம் முன்னால். அந்த மாதம் எங்கள் கணக்கு 7 வெற்றி, 20 தோல்வி. கடைசி நாள் காலையில் இரண்டு அணியும் 90-71. நாங்கள் பால்டிமோரில் ஆடுகிறோம், அவர்கள் ஊரில் யாங்கீஸோடு ஆடுகிறார்கள். ஒரு கட்டத்தில் அங்கே யாங்கீஸ் 7-0. இங்கே நாங்கள் 3-2 முன்னிலை, நடுவில் மழை, ஆட்டம் நின்றது. அந்த வருடம் எட்டு இன்னிங்ஸ் முடிந்து முன்னிலையில் இருந்த எந்த ஆட்டத்தையும் நாங்கள் தோற்கவில்லை. 77-க்கு 77. வீட்டில் என் மச்சான் நெய் ரோஸ்ட் ஆர்டர் பண்ணலாமா என்று கேட்டான், பண்ணு என்றேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியவரும். ஒன்பதாவதில் இரண்டு அவுட், பேஸில் ஆளில்லை. பாப்பல்பான். பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் டபுள். நோலன் ரைமோல்ட் டபுள், சமம். ராபர்ட் அண்டினோ இடது பக்கம் ஒரு சாதாரண அடி, கார்ல் கிராஃபர்ட் சறுக்கிப் பிடிக்கப் பார்த்தார், பந்து கையில் நிற்கவில்லை. 4-3. அந்த கிராஃபர்ட் முந்தின வருடம் வரை ரேஸ்காரர்.

டர்ஹம்வாசி:

நடுவில் வருகிறேன். நான் டர்ஹமில்தான் இருக்கிறேன், ஜான்சனை இங்கே நிறைய பார்த்திருக்கிறேன். அவரை ‘யாரோ’ என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. 2005-ல் ஓக்லாந்தில் முதல் வருடமே 15 ஹோம் ரன் அடித்தவர். 2009-ல் ஜப்பானில் யோகோஹாமாவுக்கு ஆடப்போனார். 2010-ல் திரும்பி வந்து எங்கள் டர்ஹம் புல்ஸுக்கு ஆடி டிரிபிள்-ஏ இன்டர்நேஷனல் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். டிரிபிள்-ஏ-க்கு மேலே, மேஜர் லீகுக்குக் கொஞ்சம் கீழே மாட்டிக்கொண்ட ஆட்கள் ஒரு தனி ஜாதி. சட்டைப் பையில் எப்போதும் விமான டிக்கெட்.

2011-ல் சீசன் தொடங்கும்போது ரேஸின் முதல் பேஸ் ஆள் அவர்தான். ஏப்ரலில் அடி விழவில்லை, கையில் பந்து பட்டது, கேஸி காட்ச்மன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார், இவர் மறுபடியும் எங்கள் ஊர். செப்டம்பரில் அணி எண்ணிக்கை கூடும்போதுதான் மேலே போனார். ஏப்ரல் 27-க்குப் பிறகு மேஜர் லீகில் ஒரு ஹிட் கூட இல்லாமல்தான் அந்தக் கடைசி ராத்திரி கையில் மட்டையோடு நடந்துபோனார்.

இன்னொரு விஷயம் நிறையப் பேர் கவனிப்பதில்லை. எதிரே பந்து வீசிய கோரி வேடும் அதே 2011-ல் டர்ஹம் புல்ஸில் இருந்தவர். ஜூனில் விலகி யாங்கீஸுக்குப் போனார். பேருந்துப் பயண வாழ்க்கையில் இருந்து இரண்டு பேரும் அந்த வெளிச்சத்துக்கு வந்து எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தர் மற்றவரை முதல் தரம் பார்க்கிற ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

நியூஜெர்சி_சிவகாமி:

யாங்கீஸ் வீட்டில் இருந்து ஒரு குரல். கோபப்படாமல் கேளுங்கள்.

நாங்கள் டிவிஷனை ஏற்கெனவே ஜெயித்தாயிற்று. அன்றைக்கு மைதானத்துக்கு வந்ததே ஒரு சம்பிரதாயம். முதலில் வீசியவர் டெலின் பெட்டான்சஸ், பச்சைப் பிள்ளை. ஆட்டத்தை முடித்துவைக்கிற பந்துவீச்சாளர் மாரியானோ ரிவேராவை எங்கள் மேனேஜர் ஜிரார்டி எழுப்பவே இல்லை. மார்க் டெஷெராவின் கிராண்ட் ஸ்லாமோடு (பேஸ் நிரம்பியிருக்கும்போது அடிக்கிற நான்கு ரன் ஹோம் ரன்) 7-0 ஆனதும் ஆளுக்கொரு இன்னிங்ஸ் என்று பிரசாதம் மாதிரி விநியோகித்தார். எட்டாவதில் பேஸ் நிரம்பிய நிலையில் ஒரு வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவச பேஸ்), ஒரு ஹிட் பை பிட்ச் (உடம்பில் பந்து பட்டு இலவச பேஸ்), ஒரு தியாக அடி (அடித்தவர் அவுட், ஆனால் ஒரு ரன்), ரேஸின் லாங்கோரியா அடித்த மூன்று ரன் ஹோம் ரன், ஆக மொத்தம் 6. அதில் பாதி நாங்களே தட்டில் வைத்துக் கொடுத்தது. 2008-ல் ஜான்சன் அடித்தது பாப்பல்பானை, உச்சத்தில் இருந்தபோது, முதலிடத்துக்கு உயிரைக் கொடுத்து ஆடிய அணியை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. கதிர் பக்கம் நான்.

மதுரைவீரன்79:

அக்கா சொல்றது ஒரு பக்கம் சரி, ஆனா அடிக்கிறவனுக்கு எதிராளி மனசுல சீரியஸா இருக்கானா இல்லையானு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரியறது ரெண்டு அவுட், ரெண்டு ஸ்ட்ரைக். தப்பினா சீசனே காலி, 162 ஆட்டமும் வேஸ்ட். அவன் சராசரி அப்போ .108! அதாவது 83 தடவை முயற்சி பண்ணி 9 ஹிட். நம்ம ஊர்ல சொல்ற மாதிரி, பத்து வாட்டி தட்டினா ஒரு வாட்டி கதவு திறக்கும். அந்த ஒரு வாட்டி இந்த வாட்டினு அவனுக்கு யார் சொன்னா?

அது சரி, தினேஷ் கார்த்திக் 2018 நிதாஹாஸ் ஃபைனல்...

ஓரத்துப்பார்வை:

வேண்டாம் வீரா. அவர் பதினோரு பேரில் ஒருத்தராக இருந்தார், கீழே இறக்கப்பட்டார், அவ்வளவுதான். பெஞ்ச் ஆள் இல்லை. இந்த இழை கிரிக்கெட் ஆகிவிட்டால் நாளைக்குள் நாற்பது பக்கம் போகும்.

மதுரைவீரன்79:

சரிண்ணே, வாயை மூடிக்கிட்டேன்.

ஸ்காபரோ_ராசன்:

நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். பெஞ்ச் ஆள் எண்டால் எனக்கு முதல் ஞாபகம் வாறது ஃபிரான்சிஸ்கோ கப்ரேரா. 1992 ஒக்ரோபர் 14, அட்லாண்டா. நேஷனல் லீக் கொடிக்கான ஏழாவது ஆட்டம். பிற்ஸ்பேர்க் 2-0 முன்னால, கடைசி இன்னிங்ஸ். டக் டிராபெக் களைச்சுப்போய் இறங்க, ஸ்டான் பெலிண்டா வாறார். ஒரு ரன் வந்திட்டுது, ரெண்டு அவுட், பேஸ் மூண்டும் நிரம்பியிருக்கு. பிரேவ்ஸின்ர பெஞ்சில மிஞ்சியிருந்தது கப்ரேராதான். அந்த வருசம் முழுக்க அவருக்குக் கிடைச்சது 10 அட்-பேட், அதாவது பத்துத் தடவை அடிக்கிற வாய்ப்பு.

இடது பக்கம் அடிச்சார். டேவிட் ஜஸ்டிஸ் வந்து சேர்ந்திட்டார், அவருக்குப் பின்னால சிட் பிரீம். முழங்கால் எல்லாம் அறுவைச் சிகிச்சை செய்த மனுசன், ஓடுறதைப் பார்த்தால் ஆரோ அலுமாரியைத் தள்ளிக்கொண்டு வாற மாதிரி இருக்கும். பாரி பொண்ட்ஸ் எறியிறார். மயிரிழை. 3-2. பொண்ட்ஸ் அதோட பிற்ஸ்பேர்க்கை விட்டுப் போயிட்டார், பைரேட்ஸ் பிறகு 2013 வரைக்கும் ஒரு சீசன்கூட வெற்றிக் கணக்கில முடிக்கேல்ல.

எனக்கு இதில சொந்த லாபமும் இருக்கு. அந்த அடியாலதான் பிரேவ்ஸ் உலகத் தொடருக்கு வந்து எங்கட புளூ ஜேய்ஸிட்ட ஆறு ஆட்டத்தில தோத்தது.

தம்பா_கதிர்:

ராசன் அண்ணா, அருமை. ஆனால் கப்ரேராவுக்கு அந்த ஒரு அடி மட்டும்தான். ஜான்சனுக்கு இரண்டு. மூன்று வருட இடைவெளியில் ஒரே வேலையை இரண்டு தரம். அதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். அதோடு 2012 சீசனின் கடைசி நாளில் ஒயிட் சாக்ஸுக்காக ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன். சீசன் முடியப்போகிறது என்று காதில் யாராவது சொன்னால்தான் அவருக்குக் கை எழும்பும் போல. இந்த மனுஷன் பிறகு கடைசிக் காலத்தில் நக்கிள்பால் (சுழலாமல் மிதந்து வருகிற பந்து) வீசப் பழகி பிட்சராக மறுபடி நுழையப் பார்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெஞ்சை விட்டு எழுந்திருக்க எந்த வழி கிடைத்தாலும் சரி.

டர்ஹம்வாசி:

பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நாம் ஓய்வு என்று நினைக்கிறோம், அதுதான் தப்பு. புல்ஸ் ஆட்டத்தில் நான் டக்அவுட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவது வழக்கம். மாற்று பேட்டராகப் போகக்கூடியவன் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே அசைய ஆரம்பித்துவிடுவான். கையுறையைக் கழற்றி மாட்டுவான், கழற்றி மாட்டுவான். பிறகு காணாமல் போவான். உள்ளே வலைக்கூண்டில் பந்து அடிபடுகிற சத்தம் சுவருக்குள்ளிருந்து டொக், டொக் என்று கேட்கும். வெளியே வந்ததும் மட்டையில் கறுப்பு பிசினைத் துணியால் தேய்ப்பான், எடை வளையத்தை மாட்டி இரண்டு சுற்று சுற்றுவான். ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் வளையத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி உட்காருவான். பத்தில் எட்டு ராத்திரி அப்படித்தான். யாரும் கூப்பிடாத வேலைக்கு தினமும் குளித்துக் கிளம்பி நிற்பது மாதிரி.

மற்றவர்களுக்கு ஒரே ஆட்டத்தில் நான்கு முறை வாய்ப்பு. முதல் தடவை ஏமாந்தாலும் பிட்சரின் கையைப் படித்துக்கொள்ளலாம். இவனுக்கு அந்த ஒரு முறைதான். உடம்பு ஆறிப்போய் இருக்கும்.

நியூஜெர்சி_சிவகாமி:

இது உண்மை. இந்தப் பத்தியைப் படித்த பிறகு 2011 பற்றிச் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பாதியைத்தான்.

ஓரத்துப்பார்வை:

எல்லோரும் ஜான்சனைப் பற்றியே பேசுகிறீர்கள். சாம் ஃபுல்டை உட்காரவைத்து இவரை அனுப்பியது யார்? மேடன். அந்த ஃபுல்டும் எட்டாவதில் மாற்று ஆளாக வந்து பேஸ் நிரம்பிய நிலையில் வாக் வாங்கி ஒரு ரன் கொண்டுவந்தவர். மாற்று ஆளுக்கு மாற்று ஆள்! .108 அடிக்கிறவனை சீசனின் கடைசி ஸ்ட்ரைக்குக்கு அனுப்பி அது வானத்தில் அவுட் ஆகியிருந்தால் மறுநாள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். அவர் பார்த்தது சராசரியை இல்லை என்று நினைக்கிறேன். ஒரே அடியில் சமம் செய்யக்கூடிய பலம் பெஞ்சில் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார். 2008-லும் அதே கணக்கு. யோசித்துப் பார்த்தால் ஏழை அணியின் கணக்கு அது. யாங்கீஸ் 20 கோடி டாலர் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த வருடம் ரேஸ் கொடுத்தது சுமார் 4 கோடி. பெஞ்சில் நட்சத்திரம் வைத்துக்கொள்ள வசதியில்லாதவன், ஒரே ஒரு காரியம் தெரிந்தவர்களைத்தான் வைத்துக்கொள்வான்.

தம்பா_கதிர்:

சரி, இவ்வளவு பேசியாயிற்று. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2008-ஐ நான் இப்படித் தூக்கிப் பிடிப்பதற்குப் பின்னால் ஒரு கள்ளத்தனம் உண்டு.

2011-ல் அந்த ராத்திரி நான் மைதானத்தில் இருந்தேன். மகனுக்கு அப்போது ஏழு வயது. 7-0 ஆனதும், நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பாலத்தில் நெரிசலாகும் என்று ஏழாவது இன்னிங்ஸிலேயே கிளப்பிவிட்டேன். அவன் காரின் பின் இருக்கையில் ஏறினதும் தூங்கிவிட்டான். ஹோவர்ட் ஃபிராங்க்லண்ட் பாலத்தின் மேலே ஏறும்போது ரேடியோவில் பேஸ் நிரம்பிவிட்டது என்றார்கள். இரண்டு பக்கமும் கருந்தண்ணீர், திரும்ப வழியில்லை. லாங்கோரியாவின் மூன்று ரன் அடி பாலத்தின் நடுவில். வீட்டு வாசலில் காரை நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஜான்சன் பெயரைச் சொன்னதும் ‘அவனா’ என்று வாய்விட்டுச் சொன்னேன். வலது ஃபவுல் கம்பத்தை ஒட்டிப் போகிறது, போகிறது என்கிறார் வர்ணனையாளர். ஹோம் ரன், 7-7. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தாமல் கத்துகிறேன், பையன் எழுந்துவிடுவான் என்று.

பிறகு 12-வது இன்னிங்ஸில், நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடத்தில், லாங்கோரியா இடது மூலையில் தாழ்வான சுவருக்கு மேலே அடித்து 8-7. பால்டிமோரில் ரெட் சாக்ஸ் தோற்றது அதற்கு ஒரு மூன்று நிமிடம் முன்னால். அந்த மூலைக்குப் பிறகு ‘162 லேண்டிங்’ என்று பெயர் வைத்தார்கள்.

அதனால்தான் 2011 என்றாலே பேச்சை மாற்றுவேன். 2008-ஐ நான் ஒழுங்காகக் கடைசிப் பந்து வரை தொலைக்காட்சியில் பார்த்தேன்.

சவுத்தி_பாஸ்டன்:

அப்பாடா. இந்த இழையில் எனக்கு முதல் ஆறுதல்.

மதுரைவீரன்79:

பையனுக்குத் தெரியுமாண்ணே?

தம்பா_கதிர்:

அதுதான் சிக்கல். காலையில் எழுந்து ‘அப்பா, ஜெயிச்சோமா’ என்றான். ஜெயிச்சோம், நீ தூங்கிட்டே, தோளில் போட்டுக்கொண்டு வந்தேன் என்று சொல்லிவைத்தேன். இன்றைக்கு அவன் கல்லூரியில். விடுதி அறைச் சுவரில் அந்த டிக்கெட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ‘நான் அங்கே இருந்தேன்’ என்கிறான்.

நியூஜெர்சி_சிவகாமி:

ஏழாவது இன்னிங்ஸ் வரை இருந்தான்தானே. பொய் இல்லை.

ஸ்காபரோ_ராசன்:

சொல்லாதேங்கோ தம்பி. அவன் தமிழ் வாசிப்பானோ?

தம்பா_கதிர்:

எழுத்துக் கூட்டி வாசிப்பான், அண்ணா. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருடம் கட்டாயப்படுத்தி அனுப்பினேன்.